ஒரே மாகாணம், நான்கு நினைவுகள்: உக்ரைனியரும் யூதரும் பேசத் தொடங்கும் இடம்

2023 செப்டம்பர் 22. கனடா நாடாளுமன்றத்தில் உக்ரைன் அதிபர் வொலோதிமிர் ஸெலன்ஸ்கி பேசி முடித்திருந்தார். பார்வையாளர் மாடத்தில் இருந்த 98 வயது முதியவர் ஒருவரைச் சபாநாயகர் அந்தோணி ரோட்டா அவைக்கு அறிமுகப்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் ரஷ்யர்களை எதிர்த்து உக்ரைன் விடுதலைக்காகப் போரிட்டவர் என்றார். அவை முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அந்த முதியவர் போரிட்டது நாஜி ஜெர்மனியின் வாஃபன் எஸ்எஸ் படையில், 'கலீசியா டிவிஷன்' எனப்படும் 14ஆவது பிரிவில் என்பது பிறகுதான் வெளியே வந்தது. நான்கே நாளில் சபாநாயகர் பதவி விலகினார்.

இந்தச் செய்தியைப் படித்த பலருக்கும் தலை சுற்றியது. ஸெலன்ஸ்கி யூதர். 2019இல் சில மாதங்கள் உக்ரைனின் அதிபர், பிரதமர் இருவருமே யூதர்கள். அந்த நாட்டைத்தான் ரஷ்யா 'நாஜி' என்கிறது. அதே நாட்டில்தான், யூத வெறுப்பு கொண்டிருந்த உக்ரைனியத் தேசிய இயக்கத்தின் தலைவர் ஸ்தெபான் பந்தேராவுக்குச் சிலைகளும் இருக்கின்றன. இவையெல்லாம் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

இதற்கு விடை தேட, இரண்டு சமூகங்களும் ஒரே மண்ணில் எப்படி வாழ்ந்தன, எங்கே முறிந்தன, எங்கே மீண்டும் பேசத் தொடங்கின என்று அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

1. போக்ரோம்: ஒரு சமூகத்தின் மேல் கும்பலோ படையோ பாய்ந்து கொன்று கொள்ளையிடுவது. ரஷ்யச் சொல். ரஷ்யப் பேரரசில் யூதர் மீது நடந்த தாக்குதல்களால் உலகம் முழுவதும் பரவியது.

2. ஷ்டெட்ல்: யூதர் பெருமளவில் வாழ்ந்த சந்தை ஊர். கிழக்கு ஐரோப்பிய யூதரின் மொழியான இத்திஷ் சொல். சுற்றியுள்ள கிராமங்களில் உக்ரைனிய உழவர்கள், ஊருக்குள் யூத வணிகர்களும் கைவினைஞர்களும் என்பது வழக்கமான அமைப்பு. வாரச்சந்தையில் இரு தரப்பும் ஒன்றையொன்று நம்பித்தான் வாழ்ந்தன.

3. ஹொலோடோமோர்: 1932–33இல் ஸ்டாலின் ஆட்சி உக்ரைன் கிராமங்களில் தானியத்தைப் பறித்து உண்டாக்கிய பஞ்சம். ஏறத்தாழ 35 முதல் 40 லட்சம் பேர் இறந்தார்கள்.

4. அரெந்தா: குத்தகை. இதைத் தனியாகப் பார்ப்போம். பகையின் வேர் பெருமளவு இங்கேதான் இருக்கிறது.

ஒரு மாகாணத்தை எடுத்துக்கொள்வோம்

மேற்கு உக்ரைனில் கிமெல்னிட்ஸ்கி என்றொரு மாகாணம் இருக்கிறது. அதன் தலைநகரின் பெயரும் அதுவே. 1648இல் போலந்துப் பிரபுக்களுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்த, கொசாக் எனும் உக்ரைனியப் போர்வீரர் சமூகத்தின் தலைவர் போஹ்தான் கிமெல்னிட்ஸ்கியின் பெயர் அது. உக்ரைனியருக்கு அவர் தங்கள் அரசின் தந்தை. 5 ஹ்ரிவ்னியா நோட்டில் அவர் முகம் இருக்கிறது. யூதருக்கோ அந்தக் கிளர்ச்சி ஊர் ஊராக மக்கள் அழிந்த ஆண்டுகள்.

அந்த நகரத்தின் பழைய பெயர் புரோஸ்குரிவ். 1954இல்தான் பெயர் மாறியது. 1919 பிப்ரவரி 15 அன்று புரோஸ்குரிவில் உக்ரைன் குடியரசுப் படையின் ஒரு பிரிவு சுமார் 1,500 யூதர்களைக் கொன்றது.

நகரத்துக்குப் பக்கத்தில் மெத்ஜிபிஜ் என்ற சிற்றூர். ஹசிதியம் எனும் யூதப் பக்தி நெறியைத் தொடங்கிய பால் ஷெம் தோவ் 1760இல் மறைந்தது இங்கே. அவர் கல்லறைக்கு உலகெங்குமிருந்து யூதர்கள் வருகிறார்கள்.

மாகாணத்தின் தெற்கே கமியனெட்ஸ்-போதில்ஸ்கி. 1941 ஆகஸ்ட் 26 முதல் 28 வரை மூன்றே நாளில் ஜெர்மானியப் படைகள் இங்கே 23,600 யூதர்களைச் சுட்டுக் கொன்றன. அவர்களில் பெரும்பகுதியினர் ஹங்கேரி நாடுகடத்திய யூதர்கள்.

உக்ரைனியர் ஒருவருக்குக் 'கிமெல்னிட்ஸ்கி' என்ற ஊர்ப் பெயர்ப்பலகை விடுதலையின் அடையாளம். மெத்ஜிபிஜுக்குப் போகும் யூத யாத்ரிகருக்கு அதைப் படிக்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. இருவருமே பொய் சொல்லவில்லை. யாருடைய துன்பம் பெரியது என்று இங்கே ஆரம்பித்தால் பேச்சு அன்றோடு முடிந்துவிடும். ஒவ்வொரு நிகழ்விலும் உத்தரவு யாருடையது, கை யாருடையது என்று தனித்தனியாகக் கேட்டால்தான் பேச்சு நகரும்.

1648: குத்தகைதாரரும் உழவரும்

17ஆம் நூற்றாண்டில் உக்ரைனின் பெரும்பகுதி போலந்து–லித்துவேனிய அரசின் கீழ் இருந்தது. நிலம் போலந்துப் பிரபுக்களுடையது. நம் ஜமீன்போல நினைத்துக்கொள்ளலாம். பல பிரபுக்கள் தங்கள் நிலத்தில் குடியிருக்கவே இல்லை. மாவு ஆலை, சாராயக் கடை, மீன்குளம், சுங்கச்சாவடி ஆகியவற்றையும் சில இடங்களில் முழு எஸ்டேட்டையும் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகை எடுத்தவர்களில் யூதர்கள் நிறைய. நிலம் சொந்தமாக வாங்கும் வழி அவர்களுக்குப் பெரும்பாலும் அடைபட்டிருந்தது.

இந்த ஏற்பாடு கெட்டுப்போகும் விதம் எளிது. குத்தகைப் பணம் நிலையானது; விளைச்சல் அப்படியல்ல. கொடுத்த பணத்தைக் குறுகிய காலத்துக்குள் உழவரிடமிருந்துதான் திரும்ப எடுக்க வேண்டும். வசூல் செய்பவர் கண்முன்னே நிற்கிறார். கொழுப்பவரோ வார்சாவில் இருக்கிறார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உழவர் கோபம் வெடித்தபோது பிரபுவுக்குக் கோட்டையும் படையும் இருந்தன. ஷ்டெட்ல் யூதருக்கு ஒன்றும் இல்லை. குத்தகையோடு எந்தத் தொடர்பும் இல்லாத தையற்காரரும் பால்காரரும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள்.

இறந்தவர் லட்சத்துக்கும் மேல் என்று பழைய நூல்கள் சொல்லும். ஆய்வாளர் ஷவுல் ஸ்டாம்ஃபர் அன்றைய மக்கள்தொகையைக் கணக்கிட்டு, இறந்த யூதர் 18,000 முதல் 20,000 வரை இருக்கலாம் என்கிறார். உக்ரைனிய யூதரில் ஏறத்தாழ பாதி. எண் குறைவதால் கொடுமை குறைந்துவிடுவதில்லை.

1918–1919: நோட்டில் இத்திஷ், தெருவில் ரத்தம்

ஜார் ஆட்சி விழுந்தபின் கீவில் அமைந்த உக்ரைன் குடியரசு அந்தக் காலத்தில் ஐரோப்பா காணாத ஒன்றைச் செய்தது. 1918 ஜனவரியில் ரஷ்யர், யூதர், போலந்துக்காரர் ஆகியோருக்குத் தன்னாட்சி உரிமை தரும் சட்டம் இயற்றியது. யூத விவகாரங்களுக்கு அமைச்சகமே இருந்தது. ஓவியர் ஹெயோர்ஹி நார்புத் வரைந்த முதல் 100 கார்போவனெட்ஸ் நோட்டைக் கையில் எடுத்துத் திருப்பினால் அதே தொகை ரஷ்யன், போலிஷ் மொழிகளோடு இத்திஷிலும், ஹீப்ரு எழுத்தில், அச்சாகியிருப்பதைப் பார்க்கலாம்.

ஓராண்டு கழித்து அந்தக் குடியரசின் படைகளே போக்ரோம் நடத்தின. இந்த முரண்பாட்டை விளங்கிக்கொள்ளாமல் எந்த உரையாடலும் தொடங்காது. சட்டம் கீவில் இருந்தது, துப்பாக்கி ஆங்காங்கே இருந்த 'ஒதமன்' எனும் படைத்தலைவர்கள் கையில் இருந்தது. அரசு நகரம் நகரமாகப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. 'யூதர் எல்லோரும் போல்ஷெவிக்குகள்' என்ற பேச்சு படைகளுக்குள் பரவியது. போல்ஷெவிக்குகளை எதிர்த்த ரஷ்ய வெள்ளைப் படையும் தனிக் கொள்ளைக் கூட்டங்களும், குறைந்த அளவில் செம்படையும்கூடக் கொன்றன. மொத்தப் பலி குறைந்தது 50,000 என்றும் ஒரு லட்சத்துக்கும் மேல் என்றும் மதிப்பிடுகிறார்கள்.

குடியரசின் தலைவர் சிமோன் பெத்ல்யூரா 1919 ஆகஸ்டில் போக்ரோம்காரர்களுக்கு மரண தண்டனை என்று ஆணையிட்டார். புரோஸ்குரிவ் நடந்து அப்போது ஆறு மாதம் ஆகிவிட்டது. 1926 மே 25 அன்று பாரிஸ் தெருவில் ஷொலோம் ஷ்வார்ஸ்பார்த் என்ற யூதர் அவரைச் சுட்டுக் கொன்றார். தன் உறவினர்களைப் போக்ரோமில் இழந்தவர் அவர். மறு ஆண்டு பிரெஞ்சு நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. யூதரில் பலருக்கு அது நீதி. உக்ரைனியரில் பலருக்கு ஒரு தலைவரின் படுகொலை.

பெத்ல்யூரா கொல்லச் சொல்லி உத்தரவிட்டதற்குச் சான்று இல்லை. ஆனால் படை அவருடையது. தடுக்க வேண்டிய நேரத்தில் அவர் தடுக்கவில்லை என்ற பொறுப்பு அவர் மேல் நிற்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகுவது கஷ்டம். ஆனால் அதில் ஒன்றை மட்டும் சொல்பவரோடு மற்றவர் உட்கார மாட்டார்.

1941: உத்தரவும் கையும்

இன்றைய உக்ரைன் எல்லைக்குள் நாஜிகளின் ஆட்சியில் கொல்லப்பட்ட யூதர் ஏறத்தாழ 15 லட்சம். பெரும்பாலானோர் நச்சுவாயு முகாம்களில் அல்ல, தங்கள் ஊருக்கு வெளியே இருந்த ஓடைப் பள்ளங்களில் சுடப்பட்டு இறந்தார்கள். கீவின் பாபின் யார் பள்ளத்தில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டு நாளில் 33,771 பேர். இந்த எண் கொன்றவர்களே எழுதி வைத்த அறிக்கையில் இருப்பது.

உத்தரவு ஜெர்மானியருடையது, இதில் ஐயமே இல்லை. சுட்ட கைகளும் பெரும்பாலும் ஜெர்மானியக் கைகள். ஆனால் ஆட்களைத் திரட்டியதில், வழியை அடைத்து நின்றதில், சில இடங்களில் சுட்டதிலும் உள்ளூர் துணைக்காவல் படைக்குப் பங்கு உண்டு. அதில் உக்ரைனியர் இருந்தார்கள். ல்விவ் நகரில் சோவியத் உளவுப்படை பின்வாங்கும்போது சிறைக் கைதிகளைக் கொன்று குவித்துவிட்டுப் போனது. பழியை யூதர் தலையில் கட்டி, 1941 ஜூலை 1 அன்று போக்ரோம் நடந்தது. கொல்லப்பட்ட கைதிகளுக்குள்ளும் யூதர் இருந்தார்கள் என்பதை யாரும் பார்க்கவில்லை.

ஹொலோடோமோருக்கும் இதே பழி சுமத்தப்பட்டது. ஸ்டாலினின் கூட்டாளிகளில் ககனோவிச் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது உண்மை. மொலோத்தோவ் ரஷ்யர். ஸ்டாலினோ ஜார்ஜியர். உத்தரவு கட்சித் தலைமையுடையது; ஒரு இனத்தினுடையது அல்ல. உக்ரைனின் யூத விவசாயக் குடியிருப்புகளிலும் பசியில் செத்தார்கள்.

மூன்றாவதாக ஒரு கையும் இருந்தது, காப்பாற்றிய கை. யூதரைக் காத்த பிற சமயத்தவருக்கு இஸ்ரேலின் யாத் வாஷேம் நிறுவனம் தரும் அங்கீகாரத்தை உக்ரைனில் 2,600 பேருக்கு மேல் பெற்றிருக்கிறார்கள். நாடுகளின் வரிசையில் உக்ரைன் நான்காவது. ல்விவின் கிரேக்கக் கத்தோலிக்கப் பேராயர் அந்திரேய் ஷெப்டிட்ஸ்கி, தம்பி கிளிமென்டியோடு சேர்ந்து சுமார் 150 யூதர்களை மடங்களிலும் அனாதை இல்லங்களிலும் ஒளித்து வைத்தார். 1942 பிப்ரவரியில் எஸ்எஸ் தலைவர் ஹிம்லருக்கே கண்டனக் கடிதம் எழுதினார். தம்பிக்கு 1995இல் அங்கீகாரம் கிடைத்தது, அண்ணனுக்கு இன்றுவரை இல்லை. 1941இல் அவர் ஜெர்மானியப் படையை வரவேற்று எழுதியது குறுக்கே நிற்கிறது. அவரால் உயிர்தப்பிய ரபி தாவித் ககானே உள்ளிட்ட பலர் அவருக்காகப் பல ஆண்டு வாதாடினார்கள். உக்ரைனிய–யூத உரையாடலில் மிகக் கூர்மையான விவாதம் இதுதான் என்பேன்.

சேற்றால் மூடப்பட்ட பள்ளம்

போருக்குப் பின் சோவியத் அரசு இரண்டு துக்கங்களையும் பேசத் தடை விதித்தது. ஹொலோடோமோர் நடக்கவே இல்லை என்றது. பாபின் யாரில் இறந்தவர்கள் 'சோவியத் குடிமக்கள்' என்றது. 1950களில் பக்கத்துச் செங்கல் ஆலைகளின் சேற்றுக் கழிவைக் குழாய் வழியாகப் பள்ளத்துக்குள் விட்டுத் தூர்க்கத் தொடங்கினார்கள். வடிகால் போதவில்லை. 1961 மார்ச் 13 அன்று அணை உடைந்து குரெனிவ்கா பகுதியைச் சேறு விழுங்கியது. அரசுக் கணக்கு 145 பேர். உண்மையில் அதைவிடப் பல மடங்கு என்று பின்னாளில் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. 1976இல் நிறுவிய நினைவுச்சின்னத்திலும் 'யூதர்' என்ற சொல் இல்லை.

வாய்மூட வைத்ததில் எதிர்பாராத ஒன்று நடந்தது. 1966 செப்டம்பர் 29 அன்று, படுகொலையின் 25ஆம் நினைவு நாளில், அனுமதியின்றிக் கூடிய மக்கள் முன் உக்ரைனிய விமர்சகர் இவான் ஜியூபா பேசினார். இந்தத் துயரம் உக்ரைன் மண்ணில் நடந்தது, அதனால் அதை மறக்க உக்ரைனியருக்கும் உரிமை இல்லை என்பது அவர் பேச்சின் சாரம். தன் சமூகத்துக்குள் இருக்கும் யூத வெறுப்பை அவர் வெளிப்படையாகக் கண்டித்தார்.

நட்பு உண்மையில் கெட்டிப்பட்டது சோவியத் சிறைமுகாம்களில். பெர்ம் முகாமில் உக்ரைனியக் கவிஞர் இவான் ஸ்வித்லிச்னியும் யூத மனநல மருத்துவர் செமியோன் குளூஸ்மனும் ஒன்றாக இருந்தார்கள். மனித உரிமைக்கான உக்ரைன் ஹெல்சின்கிக் குழுவில் யூதரான யோசிஃப் ஸிசெல்ஸ் உறுப்பினர். பின்னாளில் இப்படிப்பட்டவர்களில் சிலர் சுதந்திர உக்ரைனின் பொதுவாழ்வுக்கு வந்தபோது, ஒருவரையொருவர் பசியிலும் குளிரிலும் பார்த்த பழக்கம் கூடவே வந்தது. 1991 அக்டோபரில் பாபின் யாரில் உக்ரைன் நாடாளுமன்றத் தலைவர் லெயோனித் கிராவ்சுக் உக்ரைனியர் சிலரின் பங்கை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். 2021இல் உக்ரைன் நாடாளுமன்றம் மே 14ஐ யூதரைக் காத்த உக்ரைனியர் நினைவு நாளாக்கியது. அதே ஆண்டு யூத வெறுப்புக்கு எதிரான சட்டத்தையும் நிறைவேற்றியது.

பேச்சு உடையும் இடங்கள்

1. பந்தேரா. உக்ரைனிய நினைவில் சோவியத்தை எதிர்த்தவர். 1941இல் தனி அரசு அறிவித்ததற்காக ஜெர்மானியரால் கைதாகி 1944 வரை ஸாக்ஸன்ஹாவுஸன் முகாமில் இருந்தவர். 1959இல் சோவியத் உளவாளியால் கொல்லப்பட்டவர். யூத நினைவிலும் போலந்து நினைவிலும், 1941இல் யூத வெறுப்பை எழுத்திலேயே வைத்திருந்த இயக்கத்தின் தலைவர். அந்த இயக்கத்தின் ஆட்கள் ல்விவ் போக்ரோமில் இருந்தார்கள். சிலை வைப்பவர்கள் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள். 'உக்ரைன் நாஜி நாடு' என்பவர்கள் இரண்டாம் பாதியை மட்டும் படித்து, அதைக் கொண்டு இன்றைய போரை நியாயப்படுத்துகிறார்கள்.

2. கலீசியா டிவிஷன். 1943இல் அமைந்தது. வாஃபன் எஸ்எஸ் குற்ற அமைப்பு என்று, போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பு சொன்னது. போர்க்குற்றவாளிகள் பற்றி ஆராய்ந்த கனடாவின் டெஷேன் விசாரணைக் குழு 1986இல், இந்த டிவிஷனில் இருந்தது மட்டுமே வழக்குத் தொடரப் போதாது என்றது. குற்றவியல் வழக்குக்குப் போதுமான காரணம் வேறு, நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று கொடுக்கும் மரியாதை வேறு. 1943–44இல் ரஷ்யரை எதிர்த்துப் போரிட்டவர் யாருடைய சீருடையில் போரிட்டார் என்று அந்த அறிமுகக் குறிப்பை எழுதியவர் கேட்டிருந்தாலே போதும்.

3. போர்க்காலம். 2022 மார்ச் 1 அன்று பாபின் யாருக்குப் பக்கத்திலேயே ரஷ்ய ஏவுகணை விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். அம்மாத இறுதியில் கார்கிவ் அருகே திரோபித்ஸ்கி யார் என்ற யூதப் படுகொலை நினைவிடத்தின் மெனோரா விளக்குச் சின்னமும் சிதைந்தது. ஊர் எரியும்போது சொந்தத் தவறுகளைப் பேசுவது எதிரிக்கு உதவும் என்ற அச்சம் இயல்பானது. ஆனால் பேசாமல் விட்ட இடத்தை மாஸ்கோதான் நிரப்புகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4. நினைவுப் பலகை வாசகம். 'அப்பாவி மக்கள் நினைவாக' என்று எழுதினால் சோவியத் காலப் பொய் தொடரும். 'உக்ரைனியர் கொன்றார்கள்' என்று எழுதினால் காப்பாற்றியவருக்கும் சேர்த்துப் பழி வரும். நாள், எண்ணிக்கை, யூதர் என்ற சொல், உத்தரவிட்ட படைப்பிரிவு, சான்று இருந்தால் உள்ளூர் காவல்படையின் பங்கு ஆகிய ஐந்தும் இருந்தால் வாசகம் நிற்கும்.

கல்லறைத் தோட்டத்தில் நடக்கும் வேலை

மாநாடுகளைவிட இரு தரப்பையும் நெருங்க வைப்பது இதுதான். மேற்கு உக்ரைனின் ரொஹாதினில் நடந்ததை எடுத்துக்கொள்ளலாம். போரின்போது ஜெர்மானியர் யூதக் கல்லறைக் கற்களைப் பெயர்த்துத் தெருக்களில் பதித்தார்கள். சாலையோ குழாயோ தோண்டும்போது அவை வெளியே வருகின்றன. இன்று அந்த ஊரில் யூதச் சமூகம் கிடையாது. கல்லைப் பார்த்துத் தகவல் சொல்பவரும் அதைத் தூக்கிக் கொண்டுபோய்க் கல்லறைத் தோட்டத்தில் சேர்ப்பவரும் உக்ரைனிய அண்டை வீட்டார்தான்.

வேலை நடக்கும் முறை இது:

1. எல்லை. யூதச் சமயச் சட்டப்படி புதைத்த உடலைத் தொந்தரவு செய்யக்கூடாது. அதனால் தோண்டிப் பார்க்க முடியாது. பழைய ஆஸ்திரிய நில அளவை வரைபடம், போர்க்கால வான்படம், முதியோர் சொல், தரையை ஊடுருவும் ரேடார் ஆகியவற்றை வைத்து எல்லை குறித்து, வேலிக்கால்களை அதற்கு வெளியே ஊன்றுகிறார்கள்.

2. செடி. மரத்தை வேரோடு பிடுங்கினால் எலும்பும் கல்லும் சேர்ந்து வரும். தரையோடு வெட்டி, வேரை அப்படியே விட்டுவிட வேண்டும்.

3. துப்புரவு. கம்பித் தூரிகை, பிளீச்சிங், அமிலம் எதுவும் கூடாது. கல் மென்மையானது, பாசியோடு எழுத்தும் உதிரும். தண்ணீர், மென்மையான தூரிகை போதும். மங்கிய எழுத்தைப் படிக்கக் கண்ணாடியால் வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

4. அடையாளம். மேலே 'பே', 'நூன்' என்ற இரண்டு ஹீப்ரு எழுத்துகள் இருந்தால் 'இங்கே அடக்கம்' என்று பொருள். விரித்த இரு கைகள் பூசாரிக் குலம், குடம் லேவியர் குலம், மெழுகுவர்த்தித் தண்டு பெண். இவற்றைத் தெரிந்துகொண்ட சாலைப் பணியாளர் கல்லை உடைக்கும் முன் நிறுத்துவார்.

5. ஆண்டு. ஒவ்வொரு ஹீப்ரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு. ஆயிரத்தைவிட்டு மீதியைத்தான் செதுக்குவார்கள். எழுத்துகளைக் கூட்டி 1240 சேர்த்தால் நம் ஆண்டு. 608 வந்தால் 1848. இலையுதிர்கால மாதமென்றால் ஓராண்டு குறையும். தாவ் 400, ஹெத் 8, சேர்த்தால் 408. அதோடு 1240 கூட்டினால் 1648. கிமெல்னிட்ஸ்கி கிளர்ச்சிக்கு யூதர் வைத்த பெயரிலேயே இந்த இரண்டு எழுத்துகள் இருக்கின்றன.

6. துண்டுகள். எந்தக் கல் எந்தக் குழிக்கு உரியது என்று தெரியாதபோது இஷ்டத்துக்கு நட்டு வைக்கக் கூடாது. அளந்து, படமெடுத்து, கிடைத்த தெருவின் பெயரோடு எண் போட்டு, ஈரம் ஏறாமல் மரக்கட்டை மேல் அடுக்க வேண்டும். பெயரும் ஆண்டும் உடைந்துபோன சில்லுகளையும் தூக்கிப் போடக்கூடாது. ஒரு கல்லின் பாதி இந்தத் தெருவில் கிடைத்தால் மறுபாதி அடுத்த தெருவில் கிடைக்கலாம்.